தீர்த்தம் தெளித்த ரயர்

அந்த நவம்பர் மாதம் முழுவதும் சவிரிமுத்து ஒரு சின்னப் பை சிவப்பரிசியைக் காரில் ஏற்றிக்கொண்டு மொன்றியல் நகரத்தைச் சுற்றித் திரிந்தார். பை பின்சீற்றில், குழந்தை இருக்கையில், வார் போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முகம் பின்பக்கம் பார்த்தபடி. கைக்குழந்தை அப்படித்தான் போக வேண்டும். அரிசிப் பைக்கு முகம் எது என்று மனைவி யோசெப்பின் கேட்டாள். தையல் போட்ட பக்கம்தான் முகம் என்று அவர் சொன்னார்.

மகள் வினோஜாவுக்குத் தலைப்பிரசவம். அவளும் கணவன் பிரசாந்தும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தார்கள். இரண்டு பேரும் மெற்றோவில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். கார் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது சவிரிமுத்துவின் பொறுப்பு என்று கோடை காலத்திலேயே முடிவாகிவிட்டது. வினோஜாதான் சொன்னாள்.

"என்ர பிள்ளை முதல் முதல் ஏறுற கார் உங்கட கார்தான் அப்பா. வேற ஆரையும் நான் கேக்க மாட்டன்."

சாப்பிட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். சவிரிமுத்து கை கழுவப் போகிறவர் மாதிரி எழும்பிப் போய்க் குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். மன்னாரிலிருந்து வந்து, பிரெஞ்சில் இடம், வலம், நில், போ என்ற நாலு சொல்லையும் படித்துக்கொண்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தவர். ஓய்வு பெறும் நாள் வரை எத்தனை பனிக்காலம் ஓட்டியும் ஒருவருடைய பக்கக் கண்ணாடியைக்கூடத் தட்டியதில்லை. அவருக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

இருந்தும் பேரப்பிள்ளை என்றதும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி போட்டார். தடித்த பனிச் சப்பாத்தோடு பிறேக்கை மிதித்தால் காலுக்கு அதன் பதம் தெரியாது என்று, மெல்லிய அடியுள்ள சப்பாத்து ஒன்றை வாங்கி ஓட்டுவதற்கென்றே காருக்குள் வைத்தார். பற்றரியைச் சோதிப்பித்தார். கடுங்குளிரிலும் உறையாத நீலத் தண்ணீரைக் கண்ணாடி கழுவுவதற்கு நிரப்பினார். பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். டிக்கிக்குள் பனி அள்ளச் சவள், பனி தட்டப் பிரஷ், சறுக்கினால் சில்லுக்கு அடியில் போட ஒரு பை மணல், கம்பளி, ரோர்ச். நடுவழியில் கார் நின்றுபோனால் உள்ளே கொஞ்சமாவது சூடு வேண்டும் என்று பால்மா ரின் ஒன்றுக்குள் மெழுகுதிரியும் தீப்பெட்டியும். தடித்த பனி உடுப்போடு பிள்ளையை வாருக்குள் கட்டக்கூடாது, வார் இறுகாது, கட்டிவிட்டு மேலால்தான் போர்வை போட வேண்டும் என்று எங்கேயோ கேட்டு வந்து, அரிசிப் பையைக் கட்டிப் போர்வையால் மூடிப் பழகினார்.

"அரிசிக்கு இருமல் எண்டால் சொல்லுங்கோ, கொத்தமல்லி அவிச்சுத் தாறன்," என்றாள் யோசெப்பின்.

மிச்சம் இருந்தது பனிக்காலத்துக்குச் சில்லுகளின் ரயரை மாற்றுவது மட்டும்தான். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. ரயர் அன்டனின் வேலை.

அன்டனும் மன்னார் ஆள். சவிரிமுத்துவை விட வயதில் இளையவன். கூடப் பிறக்காத தம்பி. வினோஜாவின் ஞானத்தகப்பன். பகலில் ஒரு வேலைத்தலத்தில் மெக்கானிக்காக இருந்தான். மொன்றியல்-நோரில் அவனுடைய வீட்டின் பின்னால் இருந்த கராஜில் கோயில் பங்கு ஆட்கள் பாதிப் பேருடைய ரயர்கள் அடுக்கிக் கிடக்கும். கோடையில் பனிக்கால ரயர், பனியில் கோடை ரயர். மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொருவரும் றிம்மின் உள்பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் பெயின்ரால் போட்டு வைத்திருப்பார்கள். சவிரிமுத்துவின் அடையாளம் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மீன். எல்லாரும் இரும்பில்தான் அடையாளம் போட்டார்கள். றப்பரில் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, கார்கள் அன்டனின் கராஜுக்கு வரிசையாகப் போகும். உள்ளே தேத்தண்ணியும் றோல்ஸும் நடக்கும். வெளியே அன்டன் சில்லுகளை மாற்றுவான். ஒரு கார் முடிந்ததும் மடு மாதா கோயிலிலிருந்து வந்த தீர்த்தப் போத்தலைக் காரின் சொந்தக்காரர் கையில் கொடுப்பான். அவர் நாலு சில்லுக்கும் தெளித்து ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுவார். அதோடு பனிக்காலத்துக்குக் கார் தயார். தீர்த்தம் தெளித்த பிறகு குனிந்து ரயரைப் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்ப்பது அன்டனை மட்டுமல்ல, மாதாவையும் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்.

சவிரிமுத்துவின் ரயர்கள் புதியவை. போன பனிக்காலம் வாங்கியவை. அந்த நவம்பரில் அவர் வெளியே வந்து பார்த்தபோது, நாலும் கறுப்புப் பொலிஷ் பூசிக் கலியாணப் பொம்பிளை மாதிரி மினுங்கின. பேரன் ஏறப் போகிற கார் என்று அன்டன் அக்கறையாகப் பூசியிருக்கிறான் என்று நினைத்து அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. மற்றக் கார்களுக்குத் தெளித்ததை விடக் கொஞ்சம் கூடுதலாகவே தீர்த்தம் தெளித்தார்.

முதல் பனி விழுந்து, இறுகி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் விழுந்தது. அடுத்த நாள் காலையில் சவிரிமுத்து கோயிலின் வெறும் கார் நிறுத்துமிடத்துக்கு அரிசிப் பையோடு போனார். ஒவ்வொரு வருசமும் முதல் பனிக்கு அங்கே போய்ப் பிறேக் பிடித்துப் பார்ப்பது அவருடைய பழக்கம். சைக்கிள் வேகத்தில் போய் மெதுவாகக் காலை வைத்தார். கார் நிற்கவில்லை. அடியில் பிறேக் துடித்தது காலில் தெரிந்தது. கார் தன் பாட்டில் வழுக்கிப் போய் ஓரத்தில் தள்ளியிருந்த பனிக் குவியலில் மூக்கை வைத்தது. பின்னால் அரிசிப் பை அசையவில்லை. வார் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. இருந்தும் சவிரிமுத்து இறங்கிப் போய் அதை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். திரும்பத் திரும்பச் சறுக்கியது.

அன்று பின்னேரமே அன்டனிடம் போனார். ரயரில் ஏதும் பிழை இருக்குமோ என்று கேட்டார். அன்டன் வெளியே வந்தான். முன்சில்லைக் காலால் தட்டினான். குனிந்து விரல் முட்டியால் ஒரு முறை குட்டினான். பிறகு எழும்பித் துணியில் கையைத் துடைத்தான்.

"ரயரில ஒண்டும் இல்லை அண்ணை. குறை நினையாதேங்கோ, வயசு போகுதெல்லே. கால் முந்தின மாதிரிக் கேக்காது. எனக்கே இப்ப அப்பிடித்தான்."

சவிரிமுத்து தன் காலைப் பார்த்தார்.

"பச்சைப் பிள்ளையை ஏத்திறது சின்ன விசயம் இல்லை," என்றான் அன்டன். "ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டக்சி பிடிக்கச் சொல்லுங்கோவன். பேந்து வெயில் காலத்தில நீங்களே ஏத்தித் திரியலாம்தானே."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. சவிரிமுத்து வீட்டுக்கு வரும் வழியில் எல்லாரும் ஹோர்ன் அடிக்க அடிக்க ஊர்ந்து வந்தார். அன்றிலிருந்து படியிறங்கும்போதும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். டொக்டரிடம் போகச் சொன்ன யோசெப்பினுக்கு எரிந்து விழுந்தார். புதுக் கண்ணாடி போட்ட கண், லொறி ஓட்டிய கை, இதெல்லாம் ஒரு கிழமைக்குள் யாரோ ஒரு கிழவனுடையவையாக மாறிவிட்டன.

பிள்ளை டிசம்பர் தொடக்கத்தில் பிறந்தான். லூக்கா. தலை நிறையக் கறுத்த மயிர். கொட்டாவி விடும்போது முழு முகமும் வாயாகிவிடும். ஆஸ்பத்திரியில் சவிரிமுத்துவின் கையில் கொடுத்தபோது அரிசிப் பையை விடப் பாரம் குறைவாக இருந்தான். பாரம் இல்லாத அந்த உடம்பு விட்ட சூடு அவருடைய சட்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் போனது. இவ்வளவு சந்தோசத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தோசத்தோடேயே அவர் பிரசாந்தை நடைவழிக்குக் கூட்டிப்போய், டக்சி பிடித்துவிடு தம்பி என்று சொன்னார். காருக்குப் போய்க் குழந்தை இருக்கையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று சவிரிமுத்துவும் யோசெப்பினும் பஸ்ஸில் போய் மகள் வீட்டு வாசலில் காத்து நின்றார்கள். டக்சிக்காரன் ஒரு நல்ல மனிதன். இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, பிரெஞ்சில் ஏதோ வாழ்த்துச் சொன்னான். சவிரிமுத்து "மெர்சி" என்றார். படியேறும்போது வினோஜா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்டன் சித்தப்பா போன் எடுத்தவர் அப்பா. உங்களுக்கு இப்ப கார் ஓடப் பயம் எண்டு சொன்னார். பரவாயில்லை. நான் கோவிக்கேல்லை."

அன்றிரவு யோசெப்பின் பையிலிருந்த சிவப்பரிசியைச் சமைத்தாள். அவர் இரண்டு வாயோடு எழும்பிக் கை கழுவினார்.

உண்மை வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். கிறிஸ்மஸுக்குக் கிட்ட. சில்லுக்கு மேல் ஐஸ் கட்டி உரசுகிறது என்று சவிரிமுத்து கார் அருகே முழங்காலில் இருந்து தட்டிக்கொண்டிருந்தார். கையுறை நனைந்துபோகக் கழற்றிவிட்டு வெறும் விரலால் ஐஸை வழித்தார். விரல் ரயரின் முகத்தில் பட்டது. பள்ளம் இல்லை. முன்பு விரல் நுனி புதைகிற அளவுக்கு வெட்டு இருந்த ரயர் அது. இப்போது தடவினால் பழைய செருப்பின் அடி மாதிரி இருந்தது.

சட்டைப் பையிலிருந்து இரண்டு டொலர் நாணயக் குற்றியை எடுத்து ரயரின் வெட்டுக்குள் செருகினார். லொறி ஓட்டிய காலத்தில் பழகியது. நல்ல ரயர் என்றால் குற்றியிலுள்ள கரடியின் பாதம் மறைந்து போகும். இங்கே கரடி நாலு காலும் வெளியே தெரிய நின்றது. நாலு சில்லிலும் அப்படியே. ஓரத்தில் பனியால் துடைத்தபோது பொலிஷ் கரைந்து, அடியில் றப்பர் மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது.

கைக் கண்ணாடியை எடுத்துச் சில்லின் உள்பக்கம் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் மீன் அங்கேயே இருந்தது. றிம் அவருடையது. அதன் மேல் இருந்த ரயர் யாருடையதோ.

அவர் கொஞ்ச நேரம் பனியிலேயே இருந்தார். சில்லு மாறிப் போயிருந்தால் தவறுதலாக மாறியது என்று சொல்லலாம். றிம்மிலிருந்து ரயரைக் கழற்ற மெசின் வேண்டும், நேரம் வேண்டும். நாலையும் கழற்றி, வேறு நாலைப் போட்டு, மேலே பொலிஷும் பூசி, தீர்த்தப் போத்தலையும் கையில் கொடுத்தவனுக்குக் கை தவறவில்லை.

முதலில் அவருக்கு வந்தது கோபம் இல்லை. எழும்பித் தன் வலது காலைப் பனியில் ஊன்றிப் பார்த்தார். கால் நன்றாக நின்றது.

அடுத்த நாள் பூசை முடிந்து கார்களுக்கு நடுவே நடந்து வந்தபோது, அன்டனின் மகள் ஷெரோனின் சின்னச் சிவப்புக் காரைக் கண்டார். பின்சில்லில், ரயரின் பக்கவாட்டில், பாதி நிலா மாதிரி ஒரு வடு. போன வருசம் மீன்கடை வாசலில் நடைபாதை ஓரத்தில் உரசி, புது ரயரைப் பழுதாக்கிவிட்டேன் என்று அவர் நாட்கணக்காக முணுமுணுத்த வடு அது.

ஷெரோன் துருவா-றிவியர் என்ற ஊரில் நேர்ஸ். நாளாந்தம் நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் போய் வருகிறவள். அவரைக் கண்டதும் ஓடி வந்து, பிள்ளையின் படத்தைக் காட்டச் சொன்னாள். படங்களைப் பார்த்துவிட்டு, தான் இந்த முறை பயமில்லாமல் கார் ஓடுவதாகச் சொன்னாள்.

"அப்பா இந்தமுறை புது வின்ரர் ரயர் போட்டுத் தந்தவர் பெரியப்பா. போன வருசம் ரெண்டு தரம் பள்ளத்துக்க போகப் பாத்தனான். இந்தமுறை ஒருக்காவும் சறுக்கேல்லை."

"நல்லது பிள்ளை," என்றார் சவிரிமுத்து. "கவனமா ஓடு."

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

அன்று பின்னேரம் அவர் அன்டனின் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்டன் ஒரு காரின் எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தான். சவிரிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினான். என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஷெரோன்ர கார்ல கிடக்கிறது என்ர ரயர்," என்றார் சவிரிமுத்து.

அன்டன் கீழே பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். போன பனிக்காலம் மகள் பள்ளத்துக்குள் போகப் பார்த்ததிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. அவளுடைய ரயர்கள் தேய்ந்து கிடந்தன. கராஜில் அடுக்கிக் கிடந்தவற்றில் சவிரிமுத்துவின் நாலும்தான் அவளுடைய காருக்குச் சரியான அளவு. அவளுடைய பழசை அண்ணையின் றிம்மில் ஏற்றினான். அண்ணை ஓய்வு பெற்றுவிட்டார், கோயிலுக்கும் கடைக்கும் மெதுவாகத்தானே ஓடுகிறார் என்று நினைத்தான். ஒரு பனிக்காலம்தானே, வெயில் வரத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். பேரன் பிறக்கப் போவதும், அவர் அவனை ஏற்றப் போவதும் அன்டனுக்குத் தெரியும்.

"அதாலதான் அண்ணை பிள்ளையை ஏத்த வேண்டாம், டக்சி பிடியுங்கோ எண்டு சொன்னனான். வினோஜாவுக்கும் போன் பண்ணினனான். பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டுதான்."

"ஓம். சொன்னாய்."

"இப்பவே கழட்டித் தாறன். அரை மணித்தியாலம் தாங்கோ. ஷெரோனைக் கூப்பிடுறன்."

"வேண்டாம்," என்றார் சவிரிமுத்து. "பிள்ளை நெடுஞ்சாலையில ஓடுறவள். கிடக்கட்டும்."

அன்டன் அவருடைய கையைப் பிடிக்க வந்தான். சவிரிமுத்து கையை ஜக்கெற் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரயரை விடு. ரயர் கடையில விக்கிறான். நான் வந்து கேட்ட அண்டைக்கு, குனிஞ்சு பாத்திட்டு, பிழை என்ர காலில எண்டு சொன்னியே. நான் அதை நம்பி இந்த ஒரு மாசமா படியால இறங்கவும் பயந்து திரிஞ்சன். என்ர பேரன் என்ர கார்ல வரேல்லை. அதை நீ எந்த மெசினில கழட்டித் தருவாய்?"

சுவரோரம் சவிரிமுத்துவின் கோடை ரயர்கள் மஞ்சள் மீனோடு அடுக்கிக் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார். உதவி செய்ய வந்த அன்டனை ஒரு பார்வையால் நிறுத்தினார். நாலையும் தானே காரில் ஏற்றினார்.

மறுநாள் தெரியாத ஒரு கடையில் புதுப் பனிக்கால ரயர் போட்டார். ஹெயிட்டிக்காரர் ஒருவர் நடத்துகிற கடை. வாடிக்கையாளர்கள் உள்ளே சூட்டில் இருந்து கோப்பி குடிக்கலாம் என்று அவர் கையைக் காட்டினார். சவிரிமுத்து போகவில்லை. திறந்த கதவடியில், காற்றில் நின்று, ஒவ்வொரு ரயரும் றிம்மில் ஏறுவதைப் பார்த்தார். ஒவ்வொன்றின் வெட்டுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

பிறகு நேரே கோயிலடிக்குப் போனார். பனி கல்லாக இறுகியிருந்தது. சைக்கிள் வேகம், மெதுவாகக் கால். கார் கொஞ்சம் உறுமிவிட்டு அந்த இடத்திலேயே நின்றது. அவர் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.

யோசெப்பினுக்கு மட்டும் சொன்னார். வினோஜாவுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஞானத்தகப்பன்தான். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தானே ஏற்றி வருவதாக மட்டும் போனில் சொன்னார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வினோஜா கேட்டாள். சவிரிமுத்துவுக்கு அது போதும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து கோயில் வரை லூக்கா பின்சீற்றில் போர்வைக்குள் நித்திரை. ஒரு சிக்னல் வெளிச்சத்தில் நின்றபோதுகூடக் கார் குலுங்கவில்லை. கோயிலில் தண்ணீர் தலையில் பட்டதும் பிள்ளை கத்திய கத்தலில் சுவாமியாரே சிரித்துவிட்டார். பூசையில் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தது. எல்லாரும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கை கூப்பினார்கள். பின்வரிசையில் இருந்த அன்டன் சவிரிமுத்துவைப் பார்த்துக் கூப்பிய கையை இறக்காமல் நின்றான். சவிரிமுத்துவும் கூப்பினார். கண் மட்டும் பிள்ளையில் இருந்தது.

விருந்து சவிரிமுத்துவின் வீட்டில். மொன்றியல்-நோரில் மூன்றாம் மாடி. தெருவிலிருந்து நேராக ஏறுகிற இரும்புப் படி. ஏறி வந்த ஒவ்வொருவரும் பல்கனியில் அடுக்கியிருந்த நாலு ரயரையும் கண்டார்கள். மேலே பனி குவிந்து கிடந்தது. இவ்வளவு உயரம் இதை ஏன் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஷெரோனும் கேட்டாள்.

"அப்பான்ர கராஜில இடம் கிடக்குதே பெரியப்பா."

அவளுக்குப் பின்னால், படியில், பரிசுப் பெட்டியோடு அன்டன் நின்றான்.

"கண்ணுக்கு முன்னால கிடக்கட்டும் பிள்ளை," என்றார் சவிரிமுத்து. "உள்ள வா. றோல்ஸ் ஆறுது."

அன்டன் கடைசிப் படியில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டினான். பனி எல்லாம் போன பிறகும் தட்டிக்கொண்டு நின்றான். பெட்டியை யோசெப்பினின் கையில் கொடுத்துவிட்டு, வேலை ஒன்று கிடக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனான். யாரும் அவனை மறிக்கவில்லை.

பின்னேரம் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். பிரசாந்த் இருக்கையோடு கீழே வந்தான். சவிரிமுத்து மெல்லிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, காரைத் திறக்காமல், முன்சில்லுக்கு அருகே குந்தினார். கையுறையைக் கழற்றி விரலை வெட்டுக்குள் விட்டார். பிறகு மற்றப் பக்கம் போனார்.

"காலமைதானே பாத்தனீங்கள் அப்பா," என்றாள் வினோஜா. "பிள்ளைக்குக் குளிருது."

"ஓம் மகள், பாத்தனான்," என்று சொல்லிக்கொண்டு அவர் பின்சில்லுக்குப் போய்க் குனிந்தார்.